இரண்டு விரல் அளவு

1

நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் மூன்றாவது வரிசை முழுவதும் வெயில் கிறீம். மெல்பேர்னுக்கு வந்து பதின்மூன்று வருஷம். அதில் எட்டு வருஷம் இந்த வரிசைக்கு முன்னால் குந்தியும் எழும்பியும் போயிருக்கிறது. பெட்டி உடைத்து அடுக்குவது, திகதி பார்த்துப் பழசை முன்னுக்கு இழுப்பது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. மருந்தியல் படித்தவள் இல்லை. ஆனால் தியூப்பின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை இந்தக் கடையில் என்னைப்போல வாசித்தவர்கள் இல்லை என்று கொஞ்சம் திமிரோடேயே சொல்லுவேன்.

போன கிழமை ஒரு இந்தியப் பிள்ளை வந்தது. தாய் முதல்முறையாக இந்த நாட்டுக்கு வருகிறாவாம், அவவின் முகத்துக்கு எது நல்லது என்று கேட்டது. வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டேன். எண்ணெய் வடிகிற முகமா, வறண்ட முகமா, எதைப் பூசினாலும் எரிகிற முகமா? பிள்ளை யோசித்து யோசித்துப் பதில் சொன்னது. பிறகு நாலாவது கேள்வியையும் கேட்டேன்.

"பட்டப்பகலில் இதைப் பூசிக்கொண்டு வீதியால் போக உங்கள் அம்மாவுக்கு வெட்கமாக இருக்குமா?"

என் ஆங்கிலத்தில் அது இன்னும் மொட்டையாக விழுந்திருக்க வேண்டும். பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. பக்கத்தில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு நின்ற மனேச்சரும் நிமிர்ந்து பார்த்தான்.

அந்த நாலாவது கேள்வி எந்தத் தியூப்பிலும் இல்லை. என் தங்கை சுகந்தி செத்த பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது. வருகிற வியாழக்கிழமை அவளுடைய ஆண்டுத் திவசம். பருத்தித்துறையில் அவளுடைய மகள் கீர்த்தி படைப்பாள். நான் இங்கே ஒருநாள் லீவு எடுத்து மரக்கறி சமைப்பேன். அதற்கு முன் இதை எழுதி முடிக்கவேண்டும் போல இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இங்கே இருக்கிறவர்களுக்கு வெயில் கிறீம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2

ஒரே வயிற்றில் பிறந்தும் எங்கள் இரண்டு பேருடைய தோலும் இரண்டு விதம். எனக்கு எண்ணெய் முகம், பள்ளிக்கூடக் காலம் முழுக்க நெற்றியில் பரு. சுகந்திக்கு வறண்ட தோல். சோளகக் காற்று தொடங்கினால் அவளுடைய கன்னம் வெடிக்கும். அம்மா இரண்டு பேருக்கும் பயற்றம் மாவைத்தான் குழைத்துப் பூசுவா. எனக்குப் பரு காயும், அவளுக்குத் தோல் உரியும். யாருக்கு என்ன தோல் என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? பார்த்தது நிறத்தை மட்டும்தான். அவள் என்னைவிடக் கறுப்பு. சொந்தக்காரர் எல்லாம் அவளைக் கறுப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லமாகத்தானே கூப்பிட்டோம் என்று இப்போதும் சொல்வார்கள். அந்தச் செல்லம் அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அவளுடைய மனிசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கீர்த்திக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு சுகந்தி கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனாள். கடற்கரையில் மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, வலையில் பரப்பிக் காயவிடுகிற இடம்தான் வாடி. காலை எட்டு மணிக்குப் பரப்பினால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் அள்ளலாம். இடையில் இரண்டு மூன்று தரம் பிரட்ட வேண்டும், காகம் கலைக்க வேண்டும். நிழல் விழுந்தால் மீன் பழுதாகும் என்று அங்கே ஒரு மரம்கூட விடமாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாக ஏதோ பரவியது. வெயில் கொப்புளம் என்றார்கள், பிறகு தேமல் என்றார்கள். மூட்டெல்லாம் நோகத் தொடங்கி, தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்ற பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். லூப்பஸ் என்று டொக்டர் சொன்னார். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம் அது. வெயில் பட்டால் கூடும். தோலில் தெரிகிறது, சிறுநீரகம் வரைக்கும் போகக்கூடியது. குளிசை கொடுத்து, வெயில் கிறீம் பூசவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வேறை என்ன சொன்னவர்?" என்று போனில் கேட்டேன்.

"பத்து மணியிலை இருந்து மூண்டு மணி வரைக்கும் வெயிலுக்கை நிக்கக் கூடாதாம், அக்கா."

"பிறகு?"

"பிறகென்ன, மீனை நிலா வெளிச்சத்திலையே காயப்போடுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விடு, நான் பார்க்கிறேன் என்றேன். கீர்த்தி ஒரு வேலைக்குப் போகும் வரைக்கும் தன் கையால் உழைக்கிறேன் என்றாள். அந்த விஷயத்தில் அவள் உடும்புப்பிடி.

3

தங்கைக்கு வெயில் ஆகாது, அக்கா வேலை செய்வதோ வெயில் கிறீம் வரிசையில். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும் என்று நினைத்தேன். அன்று வேலை முடிந்த பிறகும் கடையிலேயே நின்று ஒவ்வொரு தியூப்பாகத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

கடையில் இருப்பதை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று தாது வகை, துத்தநாக ஒக்சைட்டும் டைட்டானியம் டைஒக்சைட்டும். தோலுக்கு மேலே படலமாக நிற்கும், லேசில் எரியாது, கைக்குழந்தையின் குண்டிக்குப் பூசுகிற கிறீமில் இருப்பதும் அதே துத்தநாகம்தான். மற்றது இரசாயன வகை, அவோபென்சோன், ஒக்டோக்ரைலீன் என்று வாய்க்குள் நுழையாத பெயர்கள். பூசினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு எரியும். எண்ணெய் முகத்துக்குத் தண்ணியான ஜெல் நல்லது. வறண்ட முகத்துக்குக் கிளிசரினோ செரமைட்டோ சேர்ந்த தடித்த கிறீம். பரு உள்ளவர்கள் துவாரத்தை அடைக்காதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். எரிகிற முகமென்றால் வாசனை சேராத துத்தநாகத்தை விட்டால் வேறு வழியில்லை.

சுகந்திக்கு வறண்டதும்தான், எரிகிறதும்தான். ஆகவே துத்தநாகம் கூடியது, வாசனை இல்லாதது, கிளிசரின் சேர்ந்தது, வெயில் தடுப்பு இலக்கம் ஐம்பது போட்டது என்று பார்த்து மூன்று தியூப் எடுத்து அனுப்பினேன். எப்படிப் பூசுவதென்று போனில் குரல் பதிந்தும் அனுப்பினேன். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒவ்வொரு கோடு. அந்த இரண்டு விரல் அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்கு. பொட்டு வைக்கிற மாதிரித் தொட்டுத் தடவினால் பிரயோசனம் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேண்டும். கடையில் வெள்ளைக்காரருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதால் எல்லாம் கடகடவென்று வந்தது.

நாலு மாதம் போனது. முகத்துச் சிவப்பு குறையவில்லை, கூடித்தான் இருந்தது. "பூசிறியோ?" என்று கேட்டால், "ஓம் அக்கா, ஒரு நாளும் விடுறேல்லை" என்பாள். கடைசியில் ஒருநாள் கீர்த்திதான் போனைத் தனியே எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அம்மா பூசிறவதான், பெரியம்மா. ஆனால் வாடியாலை வந்து குளிச்சிட்டு, படுக்கேக்கை பூசுவா. விடியக் கழுவிப்போட்டுப் போவா."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"முதல் நாள் பூசிக்கொண்டுதான் போனவ. முகம் சாம்பல் பூசின மாதிரித் தெரிஞ்சதாம். பவளமக்கா எல்லாருக்கும் முன்னாலை கேட்டுப்போட்டா, என்ன சுகந்தி, இந்த வயசிலை ஆருக்குக் காட்ட வெள்ளையாகிறாய் எண்டு. அண்டைக்குப் பிறகு அம்மா பகலிலை பூசிறேல்லை."

பவளமக்கா வாடியில் சுகந்திக்குப் பக்கத்தில் நின்று மீன் பரப்புகிறவ. பொல்லாத மனிசி இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். புருஷன் இல்லாதவள், கறுப்பி என்று பெயர் வாங்கியவள், வெளிநாட்டிலிருந்து வந்த கிறீமைப் பூசிக்கொண்டு வெள்ளை முகத்தோடு கடற்கரைக்கு வந்தால் வாடியில் சிரிக்காமல் இருப்பார்களா?

அன்று சுகந்தியைப் பிடித்து நல்லாய்த் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரவிலை பூசினால் தோலுக்குள்ளை ஊறிப் பகலிலை வேலை செய்யும் எண்டெல்லே நினைச்சனான்" என்றாள். அவள் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் செலவழித்து அனுப்பியது வீணாகப் போகக்கூடாது என்று பூசியிருக்கிறாள்.

பிழை என்னுடையது. தியூப்பில் எழுதியிருந்த தோலைத்தான் நான் பார்த்தேன். துத்தநாகம் கறுத்த முகத்தில் வெளிறித் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? என் முகத்திலும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் இந்த மெல்பேர்ன் கடற்கரையில் மூக்கில் வெள்ளைப் பட்டை அடித்துக்கொண்டு நிற்பது கெட்டித்தனம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே இருந்து இருந்து, பார்க்கிற கண்கள் உள்ள ஊர் ஒன்று இருக்கிறது என்பதையே மறந்துபோனேன்.

4

அடுத்ததாக ஜெல் அனுப்பினேன். இரசாயன வகை, கண்ணாடித் தெளிவு, பூசினது கடவுளுக்குத்தான் தெரியும். அதைப் பூசிக்கொண்டு சுகந்தி வாடிக்குப் போனாள், பவளமக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதினொரு மணி வெயிலில் வியர்வையோடு சேர்ந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வைத்தாள், கையெல்லாம் உப்பு. புண்பட்ட கன்னத்தில் உப்பும் மருந்தும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாள் பொறுத்திருக்கிறாள். பத்தாம் நாள் தியூப்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

5

என் மகள் மீராவுக்குப் பத்தொன்பது வயது. ஆறு வயதில் எங்களோடு படகில் வந்தவள். இங்கே முதலாம் வகுப்பில், வெயில் தொப்பி இல்லாத பிள்ளையை விளையாட விடமாட்டார்கள். ரீச்சர் வரிசையில் விட்டு எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கிறீம் பிதுக்குவா. பள்ளிக்கூடத்தில் படித்து வந்து மீரா எனக்கு முதன்முதலில் சொல்லித்தந்த விஷயமே அதுதான்: கிறீம் பூசும்போது காதை மறக்கக் கூடாது. எல்லாரும் மறக்கிற இடம் காதுதானாம். தினமும் காலையில் தன் காதைக் காட்டிவிட்டுத்தான் வெளிக்கிடுவாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஊரிலிருந்து போன் வந்தால் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடும். வெறுப்பு ஒன்றும் இல்லை, கதைக்க ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா, என்ன படிக்கிறாய், எப்ப வருவாய்? மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடிய அவளுடைய தமிழும் முடிந்துவிடும். நானும் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன்.

ஆனால் முகத்துக்குப் பூசுகிற விஷயம் என்றால் அவளுக்கு வேதம் மாதிரி. ஜெல் கதையை நான் தகப்பனிடம் சொல்லிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். "அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று தொடங்கி, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பாடம் எடுத்தாள். சித்திக்கு வேண்டியது நிறம் சேர்ந்த துத்தநாகமாம். நிறத்துக்காகச் சேர்ப்பது இரும்பு ஒக்சைட். அது வெள்ளை படிவதை மறைக்கும், அதோடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், கறுத்த தோலுக்கு அதுதான் நல்லது என்றாள். எட்டு வருஷம் அடுக்கிய எனக்கு இது தோன்றவில்லை. ஏனென்றால் எங்கள் கடையில் அந்த வகையில் வெளிர், நடுத்தரம் என்று இரண்டு நிறம்தான் வரும். நடுத்தரத்தை என் மணிக்கட்டில் பூசிப் பார்த்தேன், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் மாதிரி இருந்தது. இன்னும் கறுப்பான நிறம் எடுப்பிக்கலாமா என்று மனேச்சரைக் கேட்டேன். இந்தப் பகுதியில் அது ஓடாது என்றான். அப்போது அவனுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஏழு பேரில் நாலு பேர் என் நிறம்.

வேறொரு இடத்தில் எடுக்கலாம் என்று மீரா கண்டுபிடித்தாள். ஆனால் சரியான நிறத்தைத் தெரிய, சித்தியின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்றாள். ஒரு சனிக்கிழமை வீடியோவில் அழைத்தோம்.

"சித்தி, நீ யன்னலுக்குக் கிட்ட வா. லைட் காணாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கோ எண்டு சொல்லு" என்று மகளின் தோளில் தட்டினேன்.

"விடணை அக்கா," என்றாள் சுகந்தி. "அவள் கதைக்கிறாளே, அது காணும்."

யன்னலடியில் வந்து தலையில் சுற்றியிருந்த துணியை எடுத்தாள். எத்தனையோ மாதமாகப் போனை முகட்டைப் பார்க்க வைத்துக்கொண்டுதான் அவள் என்னோடு கதைப்பாள், நான் பார்த்ததெல்லாம் காற்றாடியைத்தான். அன்றுதான் முகத்தை முழுதாகப் பார்த்தேன். இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, மூக்கு ஓரம் உரிந்துகிடந்தது. நெற்றியில் மயிர் இல்லை. என்னைவிட நாலு வயது இளையவள், அம்மாவைவிடக் கிழவியாக இருந்தாள். மீரா அந்தக் கிறீமின் நிற அட்டையைக் கையில் எடுத்தாள்.

"சித்தி, கழுத்தைக் காட்டுங்கோ. கழுத்துத்தான் உங்கட உண்மைக் கலர்."

"என்ரை உண்மைக் கலரை ஊரே சொல்லுமடி பிள்ளை, கறுப்பி எண்டு."

மீராவுக்கு அது விளங்கவில்லை. படத்தையும் நிற அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லை சித்தி, நீங்கள் டீப் மூண்டு" என்றாள்.

"டீப் மூண்டு," என்று சொல்லிப் பார்த்தாள் சுகந்தி. "அது நல்ல பேராக் கிடக்கு."

6

பார்சல் அனுப்புகிற கடையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே என்ன பொருள் என்ற இடத்தில் மருந்துக்கு ஒரு கட்டம், அழகுசாதனத்துக்கு ஒரு கட்டம். இந்த நாட்டில் வெயில் கிறீம் மருந்துச் சட்டத்துக்குள் வருகிற சாமான், தியூப்பிலேயே இலக்கம் அடித்திருக்கும். நான் மருந்தில் சரிக்கோடு போடப் போனேன். கடைத் தம்பி தடுத்தார்.

"மருந்து எண்டு போட்டால் அங்கை டொக்டரின்ரை கடிதம் கேப்பினம் அக்கா, கிடந்து இழுபடும். அழகுசாதனம் எண்டு போடுங்கோ, சுகமாப் போகும்."

அழகுசாதனத்தில் சரிக்கோடு போட்டேன். பவளமக்கா சொன்னதையே நானும் என் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தேன் என்று பிறகுதான் உறைத்தது.

தியூப் போய்ச் சேர்ந்த அன்று சுகந்தி தானாகவே போன் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கையிலை ஒரு துளி பூசிப் பாத்தனான் அக்கா. எங்கை பூசினது எண்டு எனக்கே தெரியேல்லை. அப்பிடியே சேந்திட்டுது."

"அப்ப நாளைக்கே பூசிக்கொண்டு போ."

"இல்லை. வைச்சிருக்கிறன்."

"ஏன்?"

"கீர்த்தியைப் பேசி வருகினம் அக்கா. வல்வெட்டித்துறைப் பக்கம், நல்ல இடம். பங்குனியிலை பாக்க வருவினமாம். அண்டைக்கு முகத்திலை உந்தச் சிவப்பு தெரியக் கூடாது. ஒரு தியூப்தானே கிடக்கு."

இன்னும் இரண்டு சொல்லி வைத்திருக்கிறது, வருகுது, இதைப் பூசு என்று கெஞ்சினேன். அது வரட்டும் பார்ப்போம் என்றாள். வெளிநாட்டிலிருந்து வருகிற நல்ல சாமானை நல்ல நாளுக்கென்று அலுமாரியில் பூட்டி வைக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் புதிதில்லை. சவர்க்காரம் பூட்டி வைத்தால் மணம் போகும், அவ்வளவுதான். இது அப்படியில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வருத்தத்தை ஒளித்து வைக்கச் சொன்னது நான்தான். லூப்பஸ் என்று தெரிந்த அன்றே சொன்னேன். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டிப்போடுவினம். வீட்டிலை கலியாணத்துக்கு நிக்கிற குமர் இருக்கு." பதின்மூன்று வருஷமாக வெளிநாட்டில் இருக்கிற, தியூப்பின் பின்பக்கம் எல்லாம் வாசிக்கிற நான் சொன்ன புத்தி அது. சுகந்தி அப்படியே கேட்டு நடந்தாள். நான் சொன்னதில் அவள் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

7

மாசி மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். பதினோராம் நாள் செத்துப்போனாள். கிறீம் பூசியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவரவில்லை. பூசினாலும் பூசாவிட்டாலும் இந்த வருத்தம் சிறுநீரகத்துக்குள் இறங்கக்கூடும் என்கிறார்கள். அதைக் கேட்டு ஆறுதல்பட எனக்குத் தெரியவில்லை.

நான் போகவில்லை. படகில் வந்தவர்களில் எங்களைப்போல அகதி வழக்குத் தோற்றவர்களுக்கு இன்னும் இடைக்கால விசாதான். நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர ஏலாது. ஆஸ்பத்திரியில் வைத்த மூன்றாம் நாளே விசாக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு வந்த பெண் இரக்கமாகத்தான் கதைத்தாள். நெருங்கிய உறவா என்று கேட்டாள். தங்கை என்றேன். என் அவசர ஆங்கிலத்தில் அவள் செத்தே போய்விட்டாள் என்று விழுந்திருக்க வேண்டும், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்றாள். இல்லை, இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று திருத்தினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு விதத்துக்கும் பதில் ஒன்றுதான் என்றாள்.

செத்தவீட்டை வீடியோவில் பார்த்தேன். அங்கே காலை பதினொரு மணி, எங்களுக்குப் பின்னேரம் நாலரை. குசினி மேசையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தேன். மீரா எனக்குப் பின்னால் சுவரோடு நின்றாள். நான் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அங்கே போனைப் பிடித்திருந்தது பவளமக்கா. என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினா.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, பிள்ளை! வருத்தம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவளை நிழலிலை இருத்திப்போட்டு அவளின்ரை மீனையும் நானெல்லே பிரட்டியிருப்பன்."

சொல்லாதே என்று சொன்னது நான்தான் என்று அந்த மனிசிக்கு இன்றைக்கும் தெரியாது. இதை வாசித்தால் தெரியட்டும்.

குளிப்பாட்டிச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். வீக்கம் வடிந்து, கன்னத்துச் சிவப்பு மட்டும் கரும் சிவப்பாக நின்றது. பிணத்தைச் சோடிக்க வந்த மலர்ச்சாலைக்காரர் பவுடர் டப்பாவோடு கிட்ட வந்தார். கீர்த்தி அவரை மறித்தாள். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தத் தியூப் இருந்தது. ஒரு துளி குறைந்த தியூப்.

"பெரியம்மா," என்றாள் போனைப் பார்த்து. அவள் அழவில்லை. "வல்வெட்டித்துறை ஆக்கள் செத்தவீட்டுக்கு வருகினமாம். வெளிக்கிட்டிட்டினம். அவையள் வாற அண்டைக்குப் பூசிறதுக்கெண்டுதான் அம்மா இதை வைச்சிருந்தவ."

தலையை ஆட்டினேன்.

"எவ்வளவு எடுக்கிறது?"

எட்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிற பதில் அது. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். கீர்த்தி சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரைக்கும் இரண்டு கோடு பிதுக்கினாள். நெற்றியில் தொடங்கி மெதுவாகப் பூசிக்கொண்டு வந்தாள். மூக்கு, இரண்டு கன்னம், நாடி, கழுத்து. பூசின இடம் தெரியவில்லை. சிவப்பு மறைந்தது. சோளகத்துக்குக் கன்னம் வெடிக்கிற, கறுப்பி என்று கூப்பிட்டால் கோபம் வருகிற என் தங்கையின் முகம் அங்கே இருந்தது. வெளியே முற்றத்தில் வெயில் கொதித்துக்கொண்டு கிடந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அதற்குள்ளால்தான் அவளைச் சுடலைக்குக் கொண்டுபோவார்கள்.

கீர்த்தி தியூப்பை மூடப் போனாள். எனக்குப் பின்னாலிருந்து மீரா குனிந்து போனுக்குக் கிட்ட வந்தாள். அவளும் கீர்த்தியும் அதுவரை ஒரு சொல்லும் நேரே கதைத்ததில்லை.

"காது," என்றாள். "சித்தியின்ட காதுக்கும் பூசுங்கோ. மறக்கக் கூடாது."

கீர்த்தி தாயின் தலையை மெல்லத் திருப்பி, காதுக்கும் பூசினாள்.